பினாங்கு–கோலாலம்பூர் தடத்தில் புள்ளிகளைக் கொண்டு பிசினஸ் வகுப்பு: எப்போது தகும்?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன்; இதே நிலையில் உள்ள மற்றவர்களுக்கும் பயன்படும். நீங்கள் பீடோங்கில் பெற்றோருடன் வசிக்கிறீர்கள், கூலிமில் வேலை செய்கிறீர்கள். அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர்கள். இருவரும் இதுவரை விமானம் ஏறியதில்லை. கிள்ளானில் நடக்கவிருக்கும் உறவினர் திருமணத்துக்கு மூவரும் போக வேண்டும். கடன் பற்று அட்டையில் சேர்ந்துள்ள புள்ளிகளை மலேசியா ஏர்லைன்ஸின் பயணப் புள்ளித் திட்டமான என்ரிச் கணக்குக்கு மாற்றி, பினாங்கிலிருந்து போக வர பிசினஸ் வகுப்பில் பதிவு செய்யலாமா, அல்லது இவ்வளவு குறுகிய தூரத்துக்கு அது வீண் செலவா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சுங்கைப்பட்டாணியில் பயண முகவர் அலுவலகத்தில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்கிறேன். போக வர இரண்டு வழிக்கும் புள்ளிகளைச் செலவிட வேண்டாம். திரும்பும் வழிக்கு மட்டும், அதாவது கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு மட்டும், பிசினஸ் வகுப்பை எடுங்கள். போகும்போது ரயிலில் செல்லுங்கள். புள்ளிச் சீட்டுகளை ஒரு வழிக்கு மட்டும் பதிவு செய்ய முடியும் என்பதால் இதில் சிக்கல் இல்லை. இந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே விளக்க வேண்டும்.

கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்துக்கும் பினாங்கு பாயான் லெப்பாஸுக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 325 கிலோமீட்டர். கால அட்டவணையில் ஒரு மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். ஓடுபாதைக்கு உருண்டு செல்வதையும் வரிசையில் நிற்பதையும் கழித்தால் வானில் இருப்பது முக்கால் மணி நேரம்கூட வராது. இந்தத் தடத்தில் பெரும்பாலும் பறக்கும் போயிங் 737-800 விமானத்தில் பிசினஸ் வகுப்புக்கு 16 இருக்கைகள், பக்கத்துக்கு இரண்டாக நான்கு வரிசைகள். 2023 நவம்பர் முதல் சேர்ந்துவரும் புதிய 737-8 விமானத்தில் அது 12 இருக்கைகளாகக் குறைந்திருக்கிறது. இரண்டிலும் இருப்பது அகலமான, நன்றாகச் சாயக்கூடிய உண்மையான பிசினஸ் இருக்கை. ஐரோப்பாவில் பல நிறுவனங்கள் குறுகிய தடங்களில் எகானமி இருக்கையையே வைத்து, நடு இருக்கையைக் காலியாக விட்டுவிட்டு அதைப் பிசினஸ் என்று விற்கின்றன. அதோடு ஒப்பிட்டால் நம் நாட்டுப் பயணி நல்ல நிலையில் இருக்கிறார். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் 737-8 விமானத்தில் உள்ள 10 பிசினஸ் இருக்கைகளும் படுக்கையாகவே விரியும். ஆனால் எந்த இருக்கையானாலும், பட்டைப் பூட்டும் விளக்கு அணைந்து மறுபடி எரிவதற்குள் ஒரு சிற்றுண்டியும் தேநீரும் சாப்பிட்டு முடிக்கத்தான் நேரம் இருக்கும். எனவே இத்தடத்தில் பிசினஸ் வகுப்பின் பெரும்பயன் வானில் கிடைப்பதில்லை. தனி முகப்பில் பதிவு, கூடுதல் பெட்டி எடை, லவுஞ்ச் எனும் தனி ஓய்வுக்கூடத்தில் சாப்பாடும் உட்கார இடமும், கூட்டத்துக்கு முன் விமானம் ஏறுவது, இறங்கியதும் பெட்டி முன்னதாக வருவது ஆகிய அனைத்தும் தரையில் கிடைப்பவை. கையில் எடுத்துச் செல்லும் பையிலும் வேறுபாடு உண்டு: எகானமியில் 7 கிலோ எடையில் ஒன்று, பிசினஸில் மொத்தம் 14 கிலோ வரை இரண்டு.

தரையில்தான் பயன் என்றால், எந்த விமான நிலையத்தில் நீங்கள் அதிக நேரம் காத்திருப்பீர்கள் என்பதே அடுத்த கேள்வி. பினாங்கு சிறிய நிலையம். பீடோங்கிலிருந்து பாலம் கடந்து நேராகப் போய்ச் சேரலாம், உள்நாட்டுப் பயணத்துக்கு நீண்ட நேரம் முன்னதாகப் போய் உட்கார வேண்டிய தேவை இல்லை. கோலாலம்பூரில் நிலைமை வேறு. கிள்ளானிலிருந்து சாலை நெரிசலை எண்ணிப் பயந்து முன்கூட்டியே புறப்படுவீர்கள். முதலாம் முனையம் பெரியது. நடக்கும் தூரமும் அதிகம். திருமண வீட்டில் இரண்டு நாள் உறக்கம் கெட்ட முதியவர்களுக்கு அங்கே சாய்ந்து உட்கார ஓர் இடமும், சூடாக ஒரு வேளைச் சாப்பாடும், அருகிலேயே கழிவறையும் கிடைப்பது பெரிய உதவி. அதோடு அந்த விமான நிலையம் இருக்கும் சிப்பாங், கோலாலம்பூர் வட்டாரத்தில் பிற்பகல் இடிமழை வழக்கமானது. பருவமழை மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மாலை விமானங்கள் தாமதமாவதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். அப்படித் தாமதமாகும் நாளில்தான் லவுஞ்சின் முழு மதிப்பும் தெரியும். அந்தக் காரணத்துக்காகவே திரும்பும் வழியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன்.

போகும் வழிக்கு இடிஎஸ் எனும் விரைவு மின்ரயில். வடக்கே பாடாங் புசார் வரை 2015ஆம் ஆண்டில் மின்ரயில் சேவை நீண்ட பிறகு, சுங்கைப்பட்டாணியில் ஏறினால் ஏறத்தாழ நான்கரை மணி நேரத்தில் கேஎல் சென்ட்ரலில் இறங்கலாம். அங்கிருந்து கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயிலும் இருக்கிறது. விமானத்தில் போனால், வீட்டிலிருந்து பாயான் லெப்பாஸ், அங்கே காத்திருப்பு, பறக்கும் நேரம், பெட்டி எடுப்பது, சிப்பாங்கிலிருந்து கிள்ளான் வரை கார் ஆகியவற்றைக் கூட்டிப் பாருங்கள். ஏறத்தாழ அதே நேரம்தான் ஆகும். 60 வயதைக் கடந்த மலேசியர்களுக்கு ரயில் நிறுவனமான கேடிஎம் பாதிக் கட்டணச் சலுகை தருவதையும் மறக்க வேண்டாம்.

இனிக் கணக்குக்கு வருகிறேன். புள்ளிகளைப் பற்றிப் பேசுபவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். ஒரு புள்ளிக்கு எத்தனை சென் மதிப்புக் கிடைத்தது என்று கணக்கிட, பணம் கொடுத்தால் ஆகும் கட்டணத்திலிருந்து நீங்கள் கையிலிருந்து கட்டும் வரிகளைக் கழித்து, மீதியைப் புள்ளிகளால் வகுப்பார்கள். முறை சரி. ஆனால் எந்தக் கட்டணத்தை வைத்து அதைத் தொடங்குகிறீர்கள் என்பதில்தான் விடை அடங்கியிருக்கிறது. கணக்குக்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்வோம்: பிசினஸ் கட்டணம் 700 ரிங்கிட், எகானமி கட்டணம் 180 ரிங்கிட், தேவைப்படும் புள்ளிகள் 15,000, வரிகளும் மற்றக் கட்டணங்களும் 40 ரிங்கிட். பிசினஸ் கட்டணத்தை வைத்துப் பார்த்தால் 660 ரிங்கிட்டை 15,000 ஆல் வகுக்க, புள்ளிக்கு 4.4 சென் வருகிறது. மிக நல்ல பேரமாகத் தெரியும். ஆனால் புள்ளிகள் இல்லாவிட்டால் நீங்கள் 700 ரிங்கிட் கொடுத்து அந்த டிக்கெட்டை வாங்கியிருப்பீர்களா? மாட்டீர்கள், 180 ரிங்கிட் டிக்கெட்டைத்தான் வாங்கியிருப்பீர்கள். ஆகவே உங்கள் பையில் உண்மையில் மிஞ்சியது 140 ரிங்கிட், புள்ளிக்கு 0.93 சென். இந்த இரண்டு விடைகளுக்கும் நடுவில்தான் உண்மை மதிப்பு நிற்கிறது. கீழ் எல்லை எகானமி கட்டணம். அதற்கு மேல், பெற்றோரின் வசதிக்காகக் கையிலிருந்து எவ்வளவு மனமுவந்து கொடுப்பீர்களோ அந்தத் தொகையைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஆளுக்கு 150 ரிங்கிட் வரை கொடுப்பேன் என்றால் மதிப்பு 290 ரிங்கிட், புள்ளிக்கு ஏறத்தாழ 1.9 சென். இப்போது அதே வங்கிப் புள்ளிகளை ரொக்கத் தள்ளுபடியாகவோ பேரங்காடிப் பற்றுச்சீட்டாகவோ மாற்றினால் என்ன கிடைக்கும் என்று வங்கியின் செயலியில் பார்த்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முடிவெடுங்கள். பதிவு செய்யும் நாளில் திரையில் தெரியும் எண்களைக் கொண்டு இந்தக் கணக்கை மறுபடியும் நீங்களே போட வேண்டும். கட்டணமும் புள்ளித் தேவையும் நாளுக்கு நாள் மாறக்கூடியவை.

வரிகளைப் பற்றி ஒன்று. புள்ளிச் சீட்டு இலவசச் சீட்டு அன்று. விமான நிலையப் பயணிகள் சேவைக் கட்டணம் உள்நாட்டுப் பயணத்துக்கு 11 ரிங்கிட். அது பணமாகவே போகும். நிறுவனம் தானாக விதிக்கும் கூடுதல் கட்டணமும் சேரலாம். வெளிநாட்டுப் பயணமானால் இன்னொன்றும் உண்டு: 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள புறப்பாட்டு வரி. ஆசியான் நாடுகளுக்கு எகானமியில் 8 ரிங்கிட், மற்ற நாடுகளுக்கு 20 ரிங்கிட் என்று இருக்கும் அது, எகானமிக்கு மேற்பட்ட வகுப்புகளுக்கு முறையே 50, 150 ரிங்கிட் ஆகிறது. புள்ளிகளால் வாங்கியதற்காக வரியில் குறைவு கிடையாது. கோலாலம்பூர்–சிங்கப்பூர் போன்ற ஒரு மணி நேரத் தடத்தில் பிசினஸ் எடுப்பவர்கள், எகானமியைவிட 42 ரிங்கிட் அதிகமாக வரியாகவே கட்டுகிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். உள்நாட்டுத் தடத்துக்கு இந்த வரி இல்லை. உங்கள் பயணத்துக்கு அது ஒரு சாதகம்.

புள்ளிகள் எப்படிச் சேர்ந்தன என்பதையும் கேட்டே ஆக வேண்டும். நம் தோட்டப்புறக் குடும்பங்களில் அட்டை வைத்திருக்கும் முதல் தலைமுறை உங்களைப் போன்ற பிள்ளைகள்தான். அதனால் இதை அழுத்திச் சொல்வது என் கடமை என்று நினைக்கிறேன். மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் விதிப்படி கடன் பற்று அட்டை பெற ஆண்டு வருமானம் குறைந்தது 24,000 ரிங்கிட் இருக்க வேண்டும். 36,000 ரிங்கிட்டோ அதற்குக் குறைவாகவோ ஈட்டுபவர்கள் இரண்டு நிறுவனங்களின் அட்டைகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. மாதத் தொகையை முழுவதும் கட்டாமல் குறைந்தபட்சமான 5 விழுக்காட்டை மட்டும் கட்டிவந்தால், மீதிக்கு வட்டி ஓடும். பன்னிரண்டு மாதமும் தவறாமல் கட்டுபவருக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடு, பத்து மாதமாவது கட்டியவருக்கு 17, மற்றவர்களுக்கு 18 விழுக்காடு என்பது உச்ச வரம்பு. 3,000 ரிங்கிட் பாக்கியை 18 விழுக்காட்டில் ஓராண்டு சுமந்தால் வட்டி மட்டும் 540 ரிங்கிட். பினாங்குத் தடத்தில் புள்ளிகளால் நீங்கள் எதை மிச்சப்படுத்தினாலும் அந்த வட்டி அதை விழுங்கிவிடும். இதோடு ஒவ்வோர் அட்டைக்கும் ஆண்டுக்கு 25 ரிங்கிட் சேவை வரி வேறு. எனவே மாதந்தோறும் முழுத் தொகையையும் கட்டுகிறீர்கள் என்றால் மட்டும் மேலே படியுங்கள். பாக்கி இருந்தால், புள்ளிகளை ரொக்கத் தள்ளுபடியாக மாற்றி அந்தப் பாக்கியைக் குறையுங்கள். விமானம் அடுத்த ஆண்டும் பறக்கும்.

மாற்றும் முறையில் கவனிக்க வேண்டியவை சில இருக்கின்றன. வங்கியிலிருந்து விமான நிறுவனத்துக்குப் போன புள்ளிகள் திரும்பி வருவதில்லை. மாறிச் சேரவும் சில நாட்கள் ஆகலாம். ஆகவே முதலில் இருக்கை இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு மாற்றுங்கள். பலர் முதலில் மாற்றிவிட்டு, வேண்டிய நாளில் இருக்கை இல்லை என்று வருந்துகிறார்கள். பன்னிரண்டோ பதினாறோ இருக்கைகள் மட்டுமே உள்ள வகுப்பில், புள்ளிகளுக்கென்று ஒதுக்கப்படுபவை மிகச் சிலவே. ஒரே விமானத்தில் மூன்று கிடைப்பது சாதாரண நாளிலேயே உறுதியில்லை. தைப்பூசம், தீபாவளி, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் ஆகியவற்றை ஒட்டிய நாட்களில் அதை நம்பித் திட்டமிடவே வேண்டாம். திருமணத் தேதி தெரிந்துவிட்டதென்றால் இன்றே தேடத் தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையைத் தவிர்த்து, திங்கள் பிற்பகலோ செவ்வாய்க்கிழமையோ திரும்ப முடியுமானால் வாய்ப்பு அதிகம். என்ரிச் புள்ளிகளுக்கு மூன்றாண்டு ஆயுள் என்பதால் தேவைக்கு மேல் மாற்றி வைத்துக்கொள்ளவும் கூடாது. வங்கியிலேயே இருந்தால் வேறு வழியில் பயன்படுத்தும் உரிமையாவது உங்களிடம் இருக்கும்.

பதிவு செய்யும்போது விமானத்தை இயக்குவது யார் என்பதைத் திரையில் பாருங்கள். மலேசியா ஏர்லைன்ஸ் குழுமத்தையே சேர்ந்த ஃபயர்ஃபிளையின் ஏடிஆர் வகை விமானங்கள் சுபாங்கிலிருந்து பினாங்குக்குப் பறக்கின்றன. அவற்றில் பிசினஸ் வகுப்பே கிடையாது. ஏர்ஏசியாவின் ஏ320 விமானங்களிலும் இல்லை. பாத்திக் ஏரின் 737 விமானங்களில் உண்டு, ஆனால் அது என்ரிச் திட்டத்தில் இல்லை. எகானமி டிக்கெட் வாங்கிவிட்டுப் புள்ளிகளால் மேல் வகுப்புக்கு உயர்த்திக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். மிக மலிவான கட்டண வகைகளுக்குப் பெரும்பாலும் அந்த உரிமை இருக்காது, உள்ள வகையை வாங்கினால் அதற்கே கூடுதல் பணம் போகும். உங்கள் தேவைக்கு அது ஏற்றதன்று.

மூன்று இருக்கைகளுக்குப் பதில் இரண்டே கிடைத்தால் என்ன செய்வது? பெற்றோரைப் பிசினஸில் அமர்த்திவிட்டு நீங்கள் பின்னால் எகானமியில் உட்காரலாம் என்று உங்கள் மனம் சொல்லும். முதன்முறை பறப்பவர்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிசினஸ் டிக்கெட் இல்லாமல் நீங்கள் லவுஞ்சுக்குள் பொதுவாக நுழைய முடியாது. வழி தெரியாமல், பழக்கமில்லாத இடத்தில், எதை எடுத்துச் சாப்பிடலாம் எதற்குக் காசு என்ற தயக்கத்தோடு அவர்கள் இருவரும் உள்ளே உட்கார்ந்திருப்பார்கள். எந்தப் பயனுக்காகப் புள்ளிகளைச் செலவிட்டோமோ அது கைக்கு வராது. மூவருக்கும் கிடைத்தால், இருவர் இருவராக அமையும் வரிசையில் பெற்றோரைப் பக்கத்தில் பக்கத்தில் அமர்த்தி, நடைபாதைக்கு அந்தப் பக்கம் நீங்கள் உட்காருங்கள், சன்னலோரம் அம்மாவுக்கு. இரண்டுதான் கிடைக்கிறது என்றால் மூவரும் எகானமியிலேயே வாருங்கள், புள்ளிகள் இருக்கட்டும்.

அப்படி மிஞ்சும் புள்ளிகளுக்கு இதைவிட நல்ல பயன் ஒன்றும் இருக்கிறது. பெற்றோரைத் தமிழ்நாட்டுக்கு அழைத்துச் செல்லும் எண்ணம் இருந்தால், பினாங்கு–கோலாலம்பூர்–சென்னை என்று ஒரே புள்ளிச் சீட்டாகத் தேடிப் பாருங்கள். சென்னைத் தடம் நான்கு மணி நேரம். அங்கே சாயும் இருக்கைக்கும் உணவுக்கும் உண்மையான பொருள் உண்டு, பினாங்குப் பகுதியும் அதே சீட்டில் அடங்கிவிடும், பெட்டி சென்னை வரை நேராகப் போகும். கோலாலம்பூர் நிலையத்தின் முதன்மை முனையத்தையும் துணை முனையத்தையும் இணைக்கும் ரயிலான, 2023 மார்ச்சில் நின்றுபோன ஏரோடிரெயின் 2025 ஜூலை 1 முதல் மறுபடி ஓடுவதால், துணை முனையத்துக்கு மாறிச் செல்வதும் முதியவர்களுக்கு இப்போது எளிது. ஆளுக்கு 150 ரிங்கிட் புறப்பாட்டு வரியை மட்டும் ஒதுக்கி வையுங்கள். பினாங்கிலிருந்தே இண்டிகோ 2024 டிசம்பரில் நேரடிச் சென்னைச் சேவையைத் தொடங்கியது. மாறி ஏற வேண்டாம் என்பவர்களுக்கு அதன் எகானமி டிக்கெட்டே போதுமானதாக இருக்கலாம். அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் மாறி ஏறாத பயணமே நல்லது என்பது என் கருத்து.

முழங்காலைச் சொன்னதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. சக்கர நாற்காலி உதவி பிசினஸ் பயணிகளுக்கு மட்டும் உரியது அன்று. எகானமியிலும் கேட்டுப் பெறலாம். புறப்பாட்டுக்குக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் விமான நிறுவனத்திடம் பதிவு செய்துவிடுங்கள். அம்மா நடக்க முடியும், ஆனால் நீண்ட தூரம் முடியாது என்றால் அதையும் அப்படியே சொல்லுங்கள். உதவியாளர்கள் விமான வாசல் வரை அழைத்துச் செல்வார்கள். சைவ உணவு வேண்டுமானால், இவ்வளவு குறுகிய தடத்தில் தனி உணவு ஏற்பாடு உண்டா என்று பதிவின்போதே கேளுங்கள். இல்லையென்றால் லவுஞ்சிலேயே சாப்பிட்டுவிட்டு ஏறலாம்.

கடைசியாகப் பெயர். நம்மவர் அடையாள அட்டைகளில் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) என்று சாய்கோட்டோடு அச்சாகியிருப்பதை இணையப் படிவங்கள் ஏற்பதில்லை. சாய்கோட்டை விட்டுவிட்டு, மற்ற எழுத்துகளை அட்டையில் உள்ளபடியே தட்டச்சு செய்யுங்கள். தந்தை பெயரைக் குடும்பப் பெயருக்குரிய கட்டத்தில் இடுங்கள். உங்கள் என்ரிச் கணக்கிலும் டிக்கெட்டிலும் ஒரே முறையைப் பின்பற்றுங்கள். தோட்டத்தில் பிறந்த முதியவர்கள் பலருக்கு, வீட்டில் அழைக்கும் பெயர் ஒன்றாகவும் பிறப்புப் பதிவில் ஏறிய பெயர் வேறாகவும் இருக்கும். அம்மாவிடம் வாய்மொழியாகக் கேட்டு எழுதாமல், அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பார்த்து நிரப்புங்கள்; புள்ளிச் சீட்டில் பெயரைப் பின்னர் திருத்துவது, பணம் கொடுத்து வாங்கிய டிக்கெட்டில் திருத்துவதைப் போலவே அலைச்சலும் கட்டணமும் பிடிக்கும் வேலை.